வட்டக் கையெழுத்து மனு

எங்கள் செம்பனைத் தோட்டத்துக் கால்பந்துக் குழு தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஆண்டில் எனக்குப் பத்து வயது. தோற்பது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் எங்களோடு ஆட்டம் என்றால் மற்றக் குழுக்கள் தங்கள் நல்ல ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுக்கத் தொடங்கியது புதிது. பெடாஸ் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு, ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் தன் கோல் கீப்பரை முன்னால் அனுப்பி, நீயும் ஒரு கோல் அடித்துப் பார் என்றது. அவர் அடித்தும் விட்டார். மறுநாள் பள்ளி வேனில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ரெம்பாவ் முனை வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் சன்னலோடு ஒட்டிக்கொண்டு, வெளியே செம்பனை மரங்களை எண்ணுவதுபோல் பாவனை செய்தேன்.

எங்கள் ரசிகர்களுக்கு மட்டும் குறைவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குத் திடலைச் சுற்றி மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார்கள். கையில் பொட்டலம் கட்டிய தே ஐஸ் என்கிற குளிர்ந்த தேநீர் இருக்கும். முதல் கோல் விழும்வரை ஆட்டக்காரர்களைத் திட்டுவார்கள். இரண்டாவது விழுந்ததும் திடல் சாய்வாக இருக்கிறது என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். மூன்றாவது கோலுக்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே வாக்கியம்தான் மிஞ்சும்.

"மேனேஜ்மென்ட் சரியில்ல லா."

தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் குழுக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். நாலு ஆட்டம் தோற்றால் நிர்வாகியை வீட்டுக்கு அனுப்புவதுதான் முறை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் குழுவின் நிர்வாகி ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தார். அவர் என் அப்பா. வார நாட்களில் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுவார். குழுவின் செயலாளரும் அவர்தான், பயிற்சியாளரும் அவர்தான். ஆட்டக்காரர்களின் உடுப்புகளைத் திங்கட்கிழமை பெரிய வாளியில் ஊறவைத்துத் துவைக்கிற பொறுப்பு அம்மாவுடையது. தலைவர் என்றும் ஒருவர் இருந்தார். பரிசு வாங்கினால் கூட நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக அவரைத் தேர்ந்தெடுத்திருந்ததால், அவரை யாரும் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா மோட்டாரை எடுத்தால் நானும் ஏறிக்கொள்வேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரே பேச்சுத்தான். "நாளைக்கி வர்றியா தம்பி?" என்று அப்பா கேட்பார். "ஓட்டி இருக்குண்ணே" என்பார் ஒருவர். அவர்கள் ஓவர் டைமை அப்படித்தான் சொல்வார்கள். இன்னொருவருக்கு முட்டி வலி. இன்னொருவரின் மனைவி ராசா ஊரில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். அப்பா எல்லாருக்கும் "சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் திருப்புவார். சரக்கு லாரி முனைக்கு வந்ததும் நிறுத்தி, விரல் விட்டு எண்ணுவார். சில வாரம் பதினொன்று வரும். வராவிட்டால் ஆள் தேடிப் பெடாஸ் வரை போவோம். ஆட்டம் எத்தனை மணிக்கு என்று சொல்லத்தான் அப்பா வீடு வீடாகப் போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்காமலே வருகிறவர் ஒருவர்தான். தோட்டத்து வாசலில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தவர். ஐம்பதை நெருங்கியவர். எங்கள் கோல் கீப்பர். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் கீப்பர் அண்ணன்தான். இரண்டு மணிக்கே திடலுக்கு வந்து சுண்ணாம்பில் கோடு போடுவார். நெஞ்சுக்கு நேராக வருகிற பந்தை யாரும் அவரைத் தாண்டி அடிக்க முடியாது. தரையோடு வருகிற பந்தை அவர் மரியாதையாக வழியனுப்பிவைப்பார். "கீப்பர மாத்து" என்று ரசிகர்கள் வாராவாரம் கத்துவார்கள். அவரும் சிரித்தபடி கையை ஆட்டுவார்.

ஒருநாள் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து, அம்மாவிடம் தைலம் கேட்டார். மோட்டாரிலிருந்து விழுந்ததில் இடுப்பு பிடித்துவிட்டதாம். நான் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தரையில் கிடந்தால் பெரியவர்களுக்குக் கண் தெரியாது.

"குனிய முடியல தம்பி" என்றார் அப்பாவிடம். "வெளிய மட்டும் சொல்லிறாத. ஞாயித்துக்கெழமயும் போயிருச்சின்னா எனக்கு வேற என்னா இருக்கு, சொல்லு."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. நீங்க வாங்க" என்றார் அப்பா.

நானும் அதைக் கேட்டேன், எழுத்துக்கூட்டலில் மூழ்கிப்போனேன். எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிற வயது.

அம்மாவின் தம்பி, என் மாமா, செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆகவில்லை. இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். இடது காலால் அருமையாக அடிப்பார் என்று ஊரே சொல்லும். அந்தக் கால் கடைசியாகத் திடலில் இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் ரசிகர்களுக்குத் தலைவர் அவர்தான். கைப்பேசியில் ரசிகர் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார். அதில் அப்பாவைத் திட்டி எவ்வளவோ எழுதினார்கள். அப்பாவிடம் இருந்தது பொத்தான் போன் என்பதால் ஒன்றும் போய்ச் சேரவில்லை. கடைசியில், தாளில் எழுதி மனுவாகக் கொடுப்பது என்று முடிவானது.

அந்த மனு எழுதப்பட்டது எங்கள் வீட்டில். அப்பா குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தார், அம்மா குளிக்கப் போயிருந்தார். தமிழ்ப்பள்ளிக் கையெழுத்துப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. அந்தத் தாளைச் சட்டம் போட்டுப் பள்ளி மண்டபத்தில் மாட்டியிருந்தார்கள். ஆகவே மாமா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தோல்விமேல் தோல்வியால் தோட்டத்தின் மானம் கப்பலேறிவிட்டது, கோல் கீப்பரை மாற்ற வேண்டும், மாற்ற மனமில்லாவிட்டால் நிர்வாகம் மாற வேண்டும்.

பிறகு அம்மாவின் சோற்றுத் தட்டைத் தாளின் கீழ்ப்பாதியில் கவிழ்த்து, சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"இதுல சுத்திச் சுத்திக் கையெழுத்து போடுவாங்க" என்றார். "வெள்ளக்காரத் தொர காலத்துல நம்ம ஆளுங்க தண்ணிப் பைப்பு கேட்டு இப்படித்தான் மனு போட்டாங்களாம். யாரு மொதல்ல போட்டதுன்னு தெரியாதுல்ல. யாரயும் தனியா புடிக்க முடியாது."

எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. மாமா கையெழுத்து வாங்க மோட்டாரைக் கிளப்பப் போனபோது, தாள் என் முன்னால் இருந்தது. மனுவில் காரம் போதவில்லை என்று எனக்குப் பட்டது. வேனில் சிரித்த முகங்கள் நினைவுக்கு வந்தன. நானாக ஒரு வரி சேர்த்தேன். 'கோல் கீப்பருக்கு இடுப்பு வலி, அவரால் குனிய முடியாது.' எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மனுவிலேயே சிறந்த வரி அதுதான் என்று தோன்றியது.

இருபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். கோடு பார்த்துப் போடும் அவசரத்தில் மேலே இருந்ததை யாரும் ஒழுங்காகப் படித்ததாகத் தெரியவில்லை. தங்கள் பெயர்களை அவ்வளவு சாமர்த்தியமாக வட்டத்துக்குள் ஒளித்தவர்கள், மனு முழுவதும் நிர்வாகியின் மகள் கையெழுத்தில் இருக்கிறதே என்று ஒருவராவது யோசித்திருக்கலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால்கூட இதைவிட மறைவாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு ஆட்டம் இல்லை. காலையில் கோயிலில் பூசை முடிந்ததும் அங்கேயே மண்டபத்தில் கூட்டம். மாமா மனுவை நீட்டினார். அப்பா பிரித்தார். முதல் வரியிலேயே கண் நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு எதுவும் நடக்காததுபோல் எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகப் படித்தார். மானம் கப்பலேறியதைப் படித்தார். கீப்பரை மாற்றச் சொன்னதையும் நிர்வாகத்தை மாற்றச் சொன்னதையும் படித்தார். தூணோரம் உட்கார்ந்திருந்த கீப்பர் அண்ணன், வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினார். அப்பா தாளை மடித்தார்.

என் வரி வரவில்லை. நான் எழுந்து நின்றேன்.

"அப்பா, ஒரு வரிய விட்டுட்டீங்க" என்றேன்.

"அங்க மை கொட்டியிருக்கும்மா. தெரியல."

"கொட்டலப்பா. கீப்பர் அண்ணனுக்கு இடுப்பு வலி, குனிய முடியாதுன்னு நான் தெளிவாத்தான் எழுதினேன்."

கீப்பர் அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை, அப்பாவைத்தான் பார்த்தார். பிறகு தூணைப் பிடித்து எழுந்து, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அத்தனை பேரும் அவருடைய இடுப்பையே பார்த்தார்கள். அவர் நேராக நடக்கப் பார்த்தார்.

அப்பா தாளை மறுபடி பிரித்து, வட்டத்தைச் சுற்றி விரலை நகர்த்தி எண்ணினார். ஒரு சுற்று முடிந்து விரல் நின்றது.

"இருவத்தி மூணு பேரு" என்றார். "ரெண்டு டீம் எறக்கலாம் லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்குக் கோபம் இல்லை, வேடிக்கையாகப் பேசுகிறார் என்ற நிம்மதியில் சத்தமாகவே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. முட்டி வலிக்காரரும் ஓட்டிக்காரரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா குழுவின் ஃபைலையும் சாமான் கொட்டகைச் சாவியையும் மாமா மடியில் வைத்தார்.

"மச்சான், நான் சும்மா ஒரு பேச்சுக்கு..." என்றார் மாமா.

"நீங்கல்லாம் கேட்டதுதான. பாத்துக்கடா" என்றார் அப்பா.

அம்மா யாரிடமும் சண்டை போடவில்லை. மறுநாள் உடுப்புகளையெல்லாம் வாளியோடு தூக்கிப் போய் மாமா வீட்டு வாசலில் வைத்துவிட்டு, "மேனேஜ்மென்ட் மாறிருச்சில்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சனிக்கிழமை மாமாதான் மோட்டாரில் வீடு வீடாகப் போனார். இரவு சாப்பிட வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எட்டுப் பேர்தான் வருவதாகச் சொன்னார்களாம். மறுத்தவர்கள் எல்லாரும் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் என்று சொல்லிவிட்டு, அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார். அப்பா ரசத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு அப்பா மோட்டாரை எடுத்தார். திடலுக்குத்தான் என்று ஏறிக்கொண்டேன். திடலைக் கடக்கும்போது பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கவில்லை. மாமா நடுவில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்பா நிறுத்தாமல் தோட்டத்து வாசலுக்கு ஓட்டி, கீப்பர் அண்ணனின் வீட்டு முன்னால் இறங்கினார்.

கதவு திறந்திருந்தது. அவர் பாயில் ஒருக்களித்துப் படுத்துத் தொலைக்காட்சியில் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார், நான் அப்பாவின் பக்கத்தில். திரையில் ஒரு கோல் விழுந்தது, அதையே மறுபடி காட்டினார்கள். "அப்பா, மேட்ச் ஆரம்பிச்சிரும்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

வெகுநேரம் கழித்துக் கீப்பர் அண்ணன் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒன்ன நம்பித்தான தம்பி சொன்னேன்?"

"ஆமாண்ணே" என்றார் அப்பா. "நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். தப்பு என்னோடதுதான்."

கீப்பர் அண்ணன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பிறகு அவர் ஒருநாளும் திடலுக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. அப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போய் வந்தார். இன்றுவரை அப்பாவும் நானும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நினைத்தால் எனக்கு அவமானமாக இருக்கிறது. அவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு, அந்தப் பாயோரத்தில் உட்கார்ந்தபடி, அப்பா இதை வெளியே யாரிடம் சொல்லியிருப்பார் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரே ஒப்புக்கொள்கிறார், அப்படியென்றால் சொல்லித்தான் இருக்கிறார். ஒரு மனிதர் நம்பிச் சொன்னதைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று அப்பாமேல் எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வரும்போது வழக்கம்போல அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளாமல், மோட்டாரின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். விழுந்துவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, அப்பா வழியெல்லாம் மிக மெதுவாக ஓட்டினார்.