உள்ளங்கைக்கு வாங்கிய களிம்பு

தையல் ஆலையில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருடம் துணி வெட்டியவர். கோடு போடாமலே காலர் வெட்டுவார். அதையும் நாலு பேர் பார்க்கும்போதுதான் வெட்டுவார். தற்பெருமை கொஞ்சம் தூக்கல், ஆனால் கை அவர் பேச்சைக் காப்பாற்றியது.

அந்தக் கைதான் முதலில் மக்கர் செய்தது. கத்திரிக்கோல் பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை வெடித்து அரித்தது. தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

"உள்ளங்கைத் தோல் தடிமன். அதான் வீரியமானதா எழுதறேன். கைக்கு மட்டும் போடுங்க."

மாஸ்டர் தலையாட்டினார். கடைசி வார்த்தை காதில் ஏறியதா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

ஒரு மாதமாகியும் கை அப்படியே இருந்தது. ஒருநாள் பஞ்சுத் தூசி பட்டு இமை அரிக்க, விரலில் ஒட்டியிருந்த களிம்பை அங்கே தடவினார். மறுநாளே அரிப்பு போன இடம் தெரியவில்லை.

"கைக்கு ஒரு மாசமா கேக்கல, கண்ணுக்கு ஒரே நாள்ல கேட்டுருச்சு பாத்தியா" என்று வெட்டுமேசையைச் சுற்றி நின்றவர்களிடம் அளந்தார். அவ்வளவு சீக்கிரம் கேட்டதுதான் வில்லங்கம் என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. பழைய சீட்டைக் காட்டிக் காட்டி மூன்று வருடம் அதையே வாங்கி, காலையும் மாலையும் இமையில் தடவினார்.

பிறகு துணியின் ஓரங்கள் மங்கின. விளக்கைத் திட்டினார், கண்ணாடியை மாற்றினார். ஒருநாள் பத்து அடுக்குத் துணியை ஓரம் தப்பி வெட்டிவிட்டார். அன்று ஆலையில் யாரும் கேலி செய்யவில்லை.

கண் டாக்டரம்மா வெகுநேரம் சோதித்துவிட்டு, இமையில் என்ன போடுகிறார் என்று கேட்டார். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து ட்யூபை எடுத்து நீட்டினார்.

"இது ஸ்டீராய்டு களிம்புங்க. இமைத் தோல் ரொம்ப மெல்லிசு. கையில போட்டா கொஞ்சந்தான் உள்ள போகும். இங்க பல மடங்கு இறங்கும். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுருச்சு."

அவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தடித்த கித்தானில் சிந்திய எண்ணெய்க்கும் மெல்லிய மல்துணியில் சிந்திய எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாதவரா? துணியில் தெரிந்ததைத் தன் தோலில் யோசிக்கவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"போன பார்வை வருமாம்மா?"

"வராதுங்க. மிச்சத்தக் காப்பாத்தப் பாக்கலாம். மிச்சமும் கம்மிதான்."

"வெட்ட முடியுமா?"

டாக்டரம்மா சொட்டு மருந்தை எழுத ஆரம்பித்தார்.

மறுவாரம் அவர் கத்திரிக்கோல் வேறொருவர் கைக்குப் போனது. வீட்டில் மனைவி அந்த ட்யூபைக் குப்பையில் போடப் போனாள்.

"அத வை" என்றார்.

"இன்னும் எதுக்குங்க அந்தச் சனியன்?"

அவர் உள்ளங்கையை விரித்து அவள் பக்கம் நீட்டினார்.

"வெடிப்பு ஆறிருக்கான்னு பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியல."

அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்படியேதாங்க இருக்கு."