கோழிகளுக்குச் சொன்ன சாவு

வட லண்டனில் எட்மண்டனில், கவுன்சில் வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளுக்கு நடுவே, ஒரு கிழவர் தன் கோழிகளை ஜெர்மன் மொழியில் ஏசிக்கொண்டிருந்தார். பக்கத்துத் துண்டில் கீரை விதைக்கக் குனிந்திருந்த நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். லண்டனுக்கு வருமுன் பதினொரு வருடம் ஜெர்மனியில் அகதியாக இருந்தவள் நான். அந்த ஏச்சுகளையெல்லாம் வேலைத்தலத்தில் வாங்கிக் கட்டியிருக்கிறேன். “உங்களுக்கு விளங்குகிறதா?” என்று கேட்டு வேலியடிக்கு வந்தார். விளங்குகிறது என்றேன். அன்று இரண்டு பேரும் வேறு வேலை பார்க்கவில்லை.

பதினெட்டு வயதில் இரண்டாம் உலகப் போருக்கு இழுத்துப் போகப்பட்ட விவசாயி மகன் அவர். கைதியாக இங்கிலாந்துக்கு வந்து, எசெக்ஸில் ஒரு பண்ணையில் கிழங்கு தோண்டினார். விடுதலை கிடைத்தபோதும் ஊருக்குப் போகவில்லை. அங்கேயே பால் கறந்து, கலியாணம் முடித்து, குத்தகை நிலம் எடுத்து, நாற்பது வருடம் மாடு வளர்த்தார். மனைவி போய், முழங்காலும் போனபின் மகள் லண்டனுக்குக் கூட்டி வந்துவிட்டாள். மகளுக்கு ஜெர்மன் தெரியாது. போர் முடிந்த காலத்தில் அந்த மொழியைக் கேட்டாலே கடைக்காரர்கள் முகத்தைத் திருப்புவார்களாம், அதனால் வீட்டிலும் பேசாமல் விட்டுவிட்டார். கடைசியில் ஏழு கோழிகளோடு மட்டும்தான் அதைப் பேசினார், பிறகு என்னோடும். எனக்குக் கோழிகளுக்கு அடுத்த இடம்தான் என்று கேலி செய்வேன். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை.

பண்ணைக்காரர் இறந்தால் அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மூத்த மகன் தொழுவத்துக் கதவில் மூன்று முறை தட்டி, மாடு கோழிகளுக்குச் செய்தி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவை எசமானைப் பார்த்துப் பார்த்தே தீனி எடுக்காமல் கிடக்குமாம். தகப்பன் இறந்தபோது இவர் எசெக்ஸில் கைதி. கடிதம் வந்துசேர மூன்று மாதம் ஆனது. “சொல்ல வேண்டியவன் நான். யாருமே சொல்லவில்லை” என்று எண்பது தாண்டிய வயதிலும் முகம் சிவந்து சொன்னார். பிறகு, “நான் செத்தால் இந்தக் கோழிகளுக்கு நீங்கள் சொல்லுங்கள். ஜெர்மனில் சொல்லுங்கள். இதுகளுக்கு இங்கிலீஷ் தெரியாது” என்றார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அது இரண்டாயிரத்து ஒன்பது. இலங்கையில், எங்கள் ஊரில் போர் முடிந்துகொண்டிருந்தது. சித்திரை மாதம் வவுனியாவிலிருந்து மச்சான் போன் எடுத்தார். “மாமா போயிட்டார். ஷெல் விழுந்தது. நான் கண்ணால கண்டனான்” என்றார். மாமா என்றது என் அப்பாவை. என்னோடு இருந்த அம்மாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை. அவருக்கு நெஞ்சு வருத்தம், தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். அம்மா காலையில் முழுகி, பொட்டு வைத்துக்கொண்டு போனடியில் வந்து இருப்பார். “முகாமில இருப்பார் அம்மா, பதிய நாள் எடுக்கும்” என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்கு ஓடுவேன். கிழவரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த நாட்களில் இருந்த தனிமையை நான் அகதி முகாமிலும் அனுபவித்ததில்லை.

வைகாசிக் கடைசியில் கிழவர் நிமோனியாவில் இறந்துபோனார். மகள் தோட்டத்துக்கு வந்து சொன்னாள். கோழிகளை யாராவது எடுத்தால் நல்லது என்றாள். எடுக்கிறேன் என்றேன். அவள் போனதும் கூட்டுக் கதவில் மூன்று முறை தட்டி, “உங்கள் எசமான் இறந்துவிட்டார்” என்று ஜெர்மனில் சொன்னேன். ஒரு கோழி தலையைச் சரித்துப் பார்த்தது. மற்றவை மண்ணைக் கிளறின. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஒரு நிமிட வேலைக்கா இத்தனை நாள் ஒளித்துத் திரிந்தேன் என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. அங்கேயே இருந்து அழுதேன். அப்பாவுக்காகத்தான் அழுதேன், கிழவருக்காகவும் கொஞ்சம்.

மண் கையோடு வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் கத்தவில்லை.

“எப்ப?” என்று மட்டும் கேட்டார்.

அப்பா இறந்த நாளைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அந்தியேட்டி, இறந்தவருக்குச் சோறும் தண்ணீரும் படைத்து வழியனுப்ப முப்பத்தோராம் நாள் செய்ய வேண்டிய கிரியை, எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அம்மா எண்ணி முடித்தார்.

“முப்பத்தொண்டும் கழிஞ்சு பத்து நாளாச்சு, பிள்ளை. அந்த மனிசன் இவ்வளவு நாளும் ஒரு பிடி சோறு, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நிண்டிருக்குமே.”