அங்கே கடையில் விற்கிறார்கள்

என் கணவர் ரிக் வண்டியில் போர்வெல் போடும் வேலைக்காக மத்தியப் பிரதேசம் வரை போய் வந்தவர். வருஷத்தில் பாதி வடக்கே. மீதிப் பாதி மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில், கடலையும் மரவள்ளியுமாக. அதனால் ஒருமுறை, "இனிமே வண்டிக்குப் போகலை புள்ள" என்று அவர் வந்து உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முதுகு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் புற்று என்றார்கள்.

வலிக்கான மாத்திரை சேலத்துக்குப் போனால்தான் கிடைத்தது. உள்ளூர் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்ததுமே, "இதெல்லாம் நாங்க வெக்கறதில்லைங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரை போட்டால் வலி மங்கும். கூடவே அவரும் மங்கிப்போவார். சோற்றைக் கண்டாலே குமட்டும்.

அவரோடு பல வருஷம் ஒரே வண்டியில் இருந்த டிரைவர் ஒருநாள் மத்தியானம் பார்க்க வந்தார். என்னை அக்கா என்று கூப்பிடுகிறவர். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். உள்ளே எலுமிச்சை அளவில் கரும்பச்சையாக ஓர் உருண்டை.

"பாங்குங்கக்கா. கஞ்சாத் தழைய அரைச்சு உருட்டுனது. துளி கிள்ளிப் பால்ல கலக்கிக் குடுங்க, அண்ணன் சாப்புடுவாரு."

"இது கேசு இல்லீங்களா?"

"அங்க வடக்க கெவருமெண்டு லைசென்சு குடுத்த கடையிலயே போர்டு போட்டு விக்கறாங்க. இங்க கொண்டாந்தாத்தான் கேசு."

என் அண்ணன் குடித்தே செத்தவர். எங்கள் ஊர்ச் சாராயக்கடையை மூடச் சொல்லிப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது முதல் வரிசையில் இருந்தவள் நான். டிரைவர் கிளம்பியதும், அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போடப்போகிறேன் என்றேன்.

"குடிகாரன் குடிச்சா ஊட்ல இருக்கறவங்களுக்குச் சேதம்" என்றார் என் கணவர். "நான் இதைக் குடிச்சா யாருக்கு என்ன சேதம்?"

"எங்கண்ணனும் மொதல்ல இப்படித்தானுங்க சொன்னாரு."

"உங்கண்ணனுக்குப் பொழைச்சுக்க நாளிருந்துச்சு. எனக்கு இல்லையே சாமி. இந்த ஒடம்பு வலிக்கு யாருகிட்டப் போயி உத்தரவு கேக்கோணும்?"

எழுந்து போய்ப் பாலைக் காய்ச்சினேன்.

அன்றைக்குப் பச்சைப்புளி ரசம் கேட்டார். சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டுக் கரைத்துக் கொடுத்தேன். சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினார். அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்துதான் போட்டேன்.

அந்த நாட்களில் நிறையப் பேசினார். வடக்கே ஒரு கிராமத்தில் போரில் தண்ணீர் பீறிட்டபோது பெண்கள் ஓடிவந்து ரிக்குக்கு ஆரத்தி எடுத்தார்களாம். அதைப் பார்க்க நான் பக்கத்தில் இல்லையே என்று அன்று முழுவதும் இவருக்குச் சோறே இறங்கவில்லையாம். "ஏனுங்க, அன்னைக்கே போன்ல சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். "வண்டியில எல்லாரும் இருந்தாங்க" என்று சிரித்தார். அத்தனை வருஷமும் எனக்குத் தெரியாமல் போன பாதி ஆளை அந்தக் கட்டிலில்தான் நான் பார்த்தேன்.

உருண்டை தீரும் சமயத்தில் டிரைவர் அடுத்ததைக் கொண்டுவந்தார். வழியில் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்து, கேபினில் சீட்டைக்கூடத் தூக்கிப் பார்த்தார்களாம். டிரைவர் தன் இடுப்பில் செருகியிருந்ததை மட்டும் பார்க்கவில்லையாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கொடுத்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார். அவருக்குக் காலேஜ் படிக்கிற மகள் இருக்கிறாள்.

"இதோட நிறுத்திக்கடா" என்றார் என் கணவர். "என்ற வலிக்கு நீ செயிலுக்குப் போவக்கூடாது."

டிரைவர் போனபின் நான் இவரோடு சண்டை போட்டேன். இது வேண்டும் என்றது நீங்கள்தானே, இப்போது நீங்களே வேண்டாம் என்றால் எப்படி என்று கத்தினேன்.

"வேணுங்கறதும் நாந்தான், வேண்டாங்கறதும் நாந்தான்" என்றார். "அதையாச்சும் எனக்கு உடு."

அந்த உருண்டையும் வைகாசியோடு முடிந்தது. அவருக்குத் தெரியாமல் டிரைவருக்குப் போன் செய்யலாமென்று பலமுறை எடுத்திருக்கிறேன். அந்தக் காலேஜ் பெண்ணின் முகம் வந்து நிற்கும், வைத்துவிடுவேன். பிறகு மாத்திரை மட்டும்தான். பேச்சு குறைந்தது. நான் கூப்பிட்டால் வெகுநேரம் கழித்து, எங்கோ தூரத்திலிருந்து திரும்புவது போலப் பார்ப்பார். ஆடியில் போய்விட்டார்.

சட்டம் போட்டவர்கள் என் அண்ணன் மாதிரி ஆட்களை நினைத்துப் போட்டிருப்பார்கள். தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. இவரை யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். இதை அவரிடமே சொல்லி, அவர் மறுத்துப் பேசுவதைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. வடக்கே இருந்த வருஷங்களில்கூட நான் அவரை இப்படித் தேடியதில்லை. கடைசி மாதத்தில், பக்கத்துக் கட்டிலில் அவர் படுத்திருக்கும்போதே தேட ஆரம்பித்தேன். இன்னும் தீரவில்லை.