சிவப்புப் பூப் பொட்டலம்

அம்மன் வாக்கையே மீறிப் படிக்கப் போனவள் என்று உத்திரமேரூரில் இன்றைக்கும் என்னைச் சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டுமே. மீறினேன்தான். ஆனால் அன்றைக்குக் கோயிலில் என்ன நடந்தது என்று தெரியாமல் பேசுகிறார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். பன்னிரண்டாவது முடித்த பிள்ளை எதிரே வந்தால் "எந்த காலேஜ்ல இன்ஜினியரிங்?" என்றுதான் கேட்பார்கள். வேறு படிப்பு இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் கிடையாது. எனக்கும் ஒரு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. கூடவே மெட்ராஸில் ஒரு கல்லூரியில் பேச்சு, செவித்திறன் படிப்பிலும் இடம் கிடைத்திருந்தது. காது கேட்காதவர்களையும் பேச்சு வராதவர்களையும் பரிசோதித்துப் பயிற்சி கொடுப்பதற்கான படிப்பு. எனக்கு அதுதான் வேண்டும் என்றேன். வீட்டில் ஒரே ரகளை.

உரக்கடை வைத்திருந்த நைனாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பேசறதுக்கு இன்னாத்துக்குடி வருசக்கணக்கா படிக்கணும்? இப்பவே உனுக்கு வாய் ஊர் கொள்ளாமதான கீது?" என்றார். என் தாய்மாமா அதற்கும் மேலே போனார். "மேடையேறி மைக் புடிக்கப் போறியா? எந்தக் கட்சி?" கடையில் உரம் வாங்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் அந்தப் படிப்புக்காக ஒற்றைக்காலில் நின்றதற்குக் காரணம் என் அக்கா மகள். மூன்று வயதாகியும் 'அம்மா' என்றுகூட வாயில் வரவில்லை. எங்கள் ஊரில் பேசாத குழந்தைக்கு வைத்தியமெல்லாம் நாக்குக்குத்தான். வசம்பைச் சுட்டு, உரசி, நாக்கில் தடவுவார்கள். குழந்தை துப்பும், கண்ணில் தண்ணீர் கொட்டும். அக்கா விடமாட்டாள். கல்லூரி இன்டர்வியூவில் "ஏம்மா இந்தப் படிப்பு?" என்று கேட்ட மேடத்திடம் இவளைப் பற்றிச் சொன்னேன். "முதல்ல காது கேக்குதான்னு பாத்தீங்களா?" என்று அவர் கேட்டார். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும், எனக்கும்கூட, தோன்றாத கேள்வி.

வீட்டுக்கு வந்து அதையே கேட்டேன். அக்கா பாய்ந்துவிட்டாள்.

"எம் புள்ளைய செவிடுன்றியா? வாசல்ல லாரி போனா திரும்பிப் பாக்குது, உனுக்குக் கண்ணு இல்ல? நீ படிக்கறதுக்கு எம் புள்ளதான் கெடச்சுதா?"

லாரி போனால் தரையே அதிருமே, அதனால் திரும்புகிறாளோ என்று நான் வாயெடுப்பதற்குள் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. காபி டம்ளரைக்கூட என் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

திங்கட்கிழமைக்குள் ஏதாவதொரு கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும். நைனாவும் இறங்கி வரவில்லை, நானும் இறங்கி வரவில்லை. ஞாயிறு காலையில் அவர், "அம்மன்கிட்ட பூ கேட்டுடலாம். அவ சொல்ட்டா சொன்னதுதான். அப்பறம் நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார். எங்கள் பக்கம் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரி இலைப் பொட்டலங்களாகக் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் இன்ஜினியரிங், சிவப்பு வந்தால் என் படிப்பு. எடுப்பதற்கு வீட்டில் இருந்த குழந்தை அக்கா மகள்தான்.

ஏரிக்கரைக் கோயிலில் பூசாரி கற்பூரம் காட்டிவிட்டுப் பொட்டலங்களைப் போட்டார். "எட்த்தாடா கண்ணு" என்று கூப்பிட்டார். அவள் தூணோரம் உட்கார்ந்து தொன்னையில் இருந்த பொங்கலைத் தின்றுகொண்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டார். நைனா கூப்பிட்டார். மாமா கத்தினார். "பொங்கல் மேலயே கீதுபா கண்ணு" என்று சிரித்துக்கொண்டு மாமாவே அவளைத் தூக்கிப்போய், கையைப் பிடித்து ஒரு பொட்டலத்தின் மேல் வைத்தார். பிரித்தால் வெள்ளை நந்தியாவட்டை. இறக்கி விட்டதும் அவள் திரும்பத் தொன்னைக்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆச்சு. அம்மனே சொல்ட்டா" என்றார் நைனா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அம்மனா சொன்னாள்? மாமாவின் கையல்லவா சொன்னது? இத்தனை பேர் தொண்டை கிழியக் கூப்பிட்டும் ஒரு குழந்தை திரும்பவில்லை. அதைப் பார்த்துச் சிரிக்கத் தெரிகிறது, சந்தேகப்படத் தெரியவில்லையே! நேராகப் போய், அவள் முதுகுக்குப் பின்னால் தொங்கிய பெரிய மணியின் கயிற்றைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு இழுத்தேன்.

பூசாரி தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். மாமா காதைப் பொத்திக்கொண்டார். குழந்தை விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

"பைத்தியம் புட்ச்சிக்கிச்சாடி உனுக்கு?" நைனா கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

"அடி நைனா. அடிச்சிட்டு அவளப் பாரு. எல்லாரும் நாக்குலயே தேச்சிக்கினு இருங்க. அவ காத ஒருத்தராவது பாத்தீங்களா?"

ஓரமாக உட்கார்ந்திருந்த அக்கா எழுந்து வந்தாள். என்னை அறையத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கி அவளே அடித்தாள். மகளின் முதுகையே பார்த்துக்கொண்டு அடித்தாள். பூசாரி "போதும்மா, போதும்" என்று சொன்ன பிறகும் அடித்தாள். குழந்தை தொன்னையைக் கீழே வைத்துவிட்டு, ஓர் எறும்பின் பின்னாலேயே விரலைக் கொண்டுபோனாள்.

அக்கா கயிற்றை விட்டாள். மணி ஓய்ந்தது. பிறகு நைனா மெல்ல, "இருந்தாலும் அம்மன் வாக்குன்னு ஒண்ணு கீதே" என்றார்.

அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. குனிந்து, பிரிக்காமல் கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தாள். அவள் விரலில் காலையில் உரசிய வசம்பின் கரி இன்னும் போகவில்லை.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குக் கெளம்பு. நானும் புள்ளைய இட்டுக்கினு வர்றேன், அந்த மேடம்கிட்ட காட்டு" என்றாள். "அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."