குழலுக்குள் சாமந்தி

வானில் வீசும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் துப்பாக்கிகளைப் பராமரிப்பது என் வேலை. ஆயுத பூசையன்று சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மஞ்சள் சாமந்தி வாங்கிப்போய், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அழகுக்கு ஒவ்வொரு குழலின் வாயிலும் ஒரு பூவைச் செருகினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

மறுநாள் காலை பூக்களை எடுத்துவிட்டேன். ஆனால் அவசரத்தில், இதழ் ஏதும் உள்ளே மிச்சமிருக்கிறதா என்று குழலுக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவில்லை. பத்து மணிக்கு ஓர் உறுப்பினர் சுடும்போது குழல் வெடித்தது. இடக்கையில் இரண்டு விரல்கள் கிழிந்து ரத்தம் கொட்டியது.

அப்புறம் பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் போகட்டும், ஒரு மனிதன் கையை நாசமாக்கிவிட்டேனே! ஆனாலும் பூ வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பயம்.

பிறகு, அந்தத் துப்பாக்கியை ஆராய்ந்த பரிசோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். பொறியாளர் ஒரு தமிழ்ப் பெண். வெடித்த குழலை நீளவாக்கில் அறுத்து வைத்திருந்தார். இடுக்கியால் உள்ளிருந்து எதையோ உரித்தெடுத்தார். மஞ்சளாக ஒரு துணுக்கு.

"நான்தான்மா! பூசைக்குப் பூ வச்சேன். அந்த இதழ்தான் அது!" என்று கத்திவிட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ அண்ணே, இது பிளாஸ்டிக்லா! சின்ன சைஸ் தோட்டாவோட உறை. வாயில அடைப்பு இருந்தா வாய்கிட்டத்தான் கிழியும். இது தோட்டா போடுற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி கிழிஞ்சிருக்கு, பாருங்க. சின்னது வழுக்கி உள்ள போய் மாட்டிக்கிச்சு. அது தெரியாம பின்னால பெரிய தோட்டாவப் போட்டுச் சுட்டுட்டாரு."

அப்பாடா! நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதேன்.

வெளியே வந்து அந்த உறுப்பினருக்குப் போன் போட்டேன். கண்டுபிடித்ததைச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார்.

"என் வைஃபோட சின்ன தோட்டாவையும் ஒரே பாக்கெட்ல போட்டிருந்தேன். அன்னைக்கே சந்தேகம்தான். சொல்ல பயந்துட்டேன். உங்க வேலை போயிடுமோன்னு தூக்கமே இல்லண்ணே."

நன்றாகத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் நானும் பூவை மறைத்தவன்தானே.

"விரல் எப்படி இருக்கு தம்பி?" என்றேன்.

"மடங்குதுண்ணே. இன்னைக்குக் காலையில ரெண்டும் மடங்குச்சு."