நாற்பது கோடும் பத்துப் பங்கும்

சித்திரைத் தேர் அன்று ஸ்ரீரங்கத்தில் நடந்தவை, லாக் புக்கில் உள்ள வரிசைப்படி:

1. காலை 9.50: தெற்குச் சித்திரை வீதியில் இருந்த எங்கள் வயர்லெஸ் பந்தலுக்கு ஒரு பெண் வந்து, தன் அப்பாவைக் காணவில்லை என்றார்.

2. 9.54: வீதிகளில் நின்ற எல்லாப் போலீஸ் போஸ்டுகளுக்கும் சங்கேதக் கோடு எண் பதினான்கை அனுப்பினேன். பொருள்: ஆள் காணவில்லை, தேடவும்.

3. 9.55: பத்துப் போஸ்டுகளில் ஒன்பது, பதினான்கு என்றால் என்ன என்று கேட்டன. பத்தாவது பதிலே சொல்லவில்லை.

4. 10.05 முதல் 10.13 வரை: ஒரே ஒரு பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

5. 10.40: பந்தலில் பதினோரு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காணாமல் போனவர் அவர்களில் இல்லை.

6. மேற்படி அனைத்தையும் டி.எஸ்.பி. என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது லாக் புக்கில் கிடையாது. நான் சேர்த்தது.

வயர்லெஸ் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து சரிபார்க்கிறார்கள். சம்பவம் நடந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. அதற்குள் பதினோரு பெரியவர்கள் நாற்பது பேராகிவிட்டார்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

கோடு எதற்கு

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து டெக்னிக்கல் எஸ்.ஐ.யாகச் சேர்ந்தேன். முதல் வருடம் முழுவதும் பேட்டரி ரூம். வயர்லெஸ் செட்டுகளுக்குச் சார்ஜ் ஏற்றுவது, அறுந்த ஒயருக்குச் சால்டர் வைப்பது, ஆன்டெனாவை நிமிர்த்துவது. எங்கள் வயர்லெஸ் நெட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் மைக்கில் உட்கார்ந்ததில்லை. கேட்டேன். டி.எஸ்.பி. உடனே மறுக்கவில்லை.

"தேர் அன்னிக்கு நெட் ஒழுங்கா ஓடுச்சுன்னா மைக் உங்களுக்கு. இல்லைன்னா பேட்டரி ரூம்தான். அங்கயும் ஆள் வேணும்ல" என்றார்.

எனக்கு இரண்டு மாதம் இருந்தது. நாற்பது கோடு எழுதினேன். காரணம் உண்டு. கூட்டத்தில் செட்டின் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தால்தான் போலீஸ்காரருக்கே கேட்கும். அவருக்குக் கேட்டால் சுற்றியிருக்கும் ஐம்பது பேருக்கும் கேட்கும். "பிக்பாக்கெட் வந்திருக்கான்" என்று செட் அலறினால் ஐம்பது பேரும் இடுப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். பணம் எங்கே இருக்கிறது என்று பிக்பாக்கெட்டுக்கு நாமே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். "இருபத்தொன்று" என்றால் யாரும் எதையும் தொடமாட்டார்கள்.

பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ, சி என்றால் சார்லி. இரைச்சலில் பி-யும் டி-யும் ஒன்றாகக் கேட்கும். பிராவோவும் டெல்டாவும் அப்படிக் கேட்காது. பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் ஓவர், பேச்சே முடிந்தால் அவுட் என்று சொல்ல வேண்டும் என்பது இன்னொரு விதி. போஸ்டுகளுக்கும் அதிலிருந்தே பெயர் வைத்தேன். ரங்கத்துக்கு ஆர், ஆர் என்றால் ரோமியோ. ரோமியோ ஒன்று முதல் ரோமியோ பத்து வரை. ரோமியோ மூன்றாக அமைந்தவர் ஏட்டு மரியதாஸ். பாலக்கரைக்காரர், ஐம்பத்திரண்டு வயது. அவருக்குப் பெண்கள் வரிசைப் பக்கம் டியூட்டி. அங்கே நின்று "ரோமியோ பேசுறேன்" என்று சொல்ல மனசு வரவில்லை என்று எழுத்து மூலமாக மனு கொடுத்தார். நான் ஏற்கவில்லை.

நூற்றுக்கு நூறு

ஒரு வாரம் வகுப்பு எடுத்து எழுத்துத் தேர்வு வைத்தேன். பத்துப் பேரும் நாற்பதுக்கு நாற்பது. இருபத்தாறு எழுத்துக்கு இருபத்தாறு. பத்துப் பேரும் ஏழாம் எண்ணில் முதலில் ஒரே தப்பை எழுதி, அதை ஒரே மாதிரி அடித்துத் திருத்தியிருந்தார்கள். கவனிக்காமல் இல்லை. ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். "தேர்ச்சி நூறு சதவீதம்" என்று டி.எஸ்.பி.க்கு அறிக்கை போயிற்று. கோடு பட்டியல் இரகசியம் என்பதால் தேர் அன்று யாரும் கையில் வைத்திருக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டேன்.

தேர்

வந்த பெண்ணின் பெயர் வேதவல்லி. உத்தர வீதியில் வீடு. பதற்றத்திலும் தெளிவாகப் பேசினார்.

"அப்பாவுக்குச் சர்க்கரை. காலம்பர ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுண்டு ரெண்டே இட்லியோட கிளம்பினார். ஒன்பதுக்குள்ள ஏதாவது சாப்பிடலைன்னா மயக்கம் வந்துடும். போன மாசம் அப்படித்தான் குளியலறையில விழுந்தார்."

இந்த வெயிலில், இந்தக் கூட்டத்தில் விழுந்தால் தூக்குவதற்கு இடம் இருக்காது. பதினான்கை அனுப்பினேன். ஒன்பது கேள்விகள் வந்தன. அவற்றில் ஒன்று மட்டும் விளக்கத்தோடு இருந்தது.

"கண்ட்ரோல், ரோமியோ மூணு. பதினாலு என் பங்கு இல்லீங்க. ஓவர்."

"பங்கா? ஓவர்."

"நாற்பதையும் ஒரே ஆளு மனப்பாடம் பண்ண முடியுங்களா? சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு நாலுன்னு பிரிச்சுக்கிட்டோம். பதினாலு நம்ம ரோமியோ ஏழுக்கு விழுந்துச்சு. அவரு தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்துல நிக்கிறாரு. மேளச் சத்தத்துல காது கேக்காது. ஓவர்."

என் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. பதினான்கு என்றால் ஆள் காணவில்லை என்று தமிழிலேயே சொன்னேன். அடுத்தது பெயர். வேதவல்லியின் அப்பா பெயர் வேங்கடகிருஷ்ணமாச்சாரியார். ஆங்கிலத்தில் இருபத்து மூன்று எழுத்து.

"விக்டர்" என்றேன். ரோமியோ இரண்டு, விக்டர் என்றால் வி, அது தன் பங்கு என்று எல்லாருக்கும் அறிவித்தது. "எக்கோ" என்றேன். ரோமியோ ஐந்து பொறுப்பேற்றது. எழுத்துகளையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று அப்போது புரிந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் சொந்தக்காரர் எழுந்து சாட்சி சொல்லும்வரை மற்ற ஒன்பது பேரும் காத்திருந்தார்கள். ஆல்ஃபாவுக்குச் சொந்தக்காரரும் தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்ற அதே ரோமியோ ஏழு. அந்தப் பெயரில் ஆல்ஃபா ஆறு முறை வருகிறது.

முதல் ஆல்ஃபாவில் நெட் நின்றுபோயிருக்கும். ஆனால் ரோமியோ ஒன்பது, காவலர் பிச்சை, "ஆல்ஃபான்னா ஏ, ஓவர்" என்றார். அடுத்து டாங்கோவையும் சொன்னார். கிலோவையும் சொன்னார். சீட்டுக் குலுக்கலுக்குப் பிந்தி வந்ததால் அவருக்கு எக்ஸ், ஒய், இஸட் மட்டும்தான் கிடைத்தது என்று மரியதாஸ் பிற்பாடு சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. என் தாளில் அவர் எண்ணுக்கு நேரே வரிசையாக டிக் போட்டு, "நன்று" என்று எழுதினேன்.

எட்டு நிமிடம் ஆயிற்று. அதற்குள் தேர் முனை திரும்பி அடுத்த வீதிக்குப் போய்விட்டது என்ற தகவல், நெட்டில் இடம் கிடைக்காமல், ஓர் ஆள் ஓடிவந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"தேரே ஒரு வீதியைத் தாண்டிடுச்சு. நீங்க ஒரு பேரைத் தாண்டலை" என்றார் டி.எஸ்.பி.

விதியை விட்டுவிட்டு அடையாளம் சொன்னேன். எழுபது வயது, பஞ்சகச்சம், நெற்றியில் திருமண், வெள்ளை முடி, கையில் விசிறி. சொல்லி முடித்த பிறகுதான் பந்தலுக்கு வெளியே பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில், தேர் அன்று, அந்த அடையாளத்துக்குப் பொருந்தாத பெரியவரைத் தேடுவதுதான் கஷ்டம்.

கால் மணி நேரத்தில் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். போலீஸ்காரர்கள் மரியாதையாகத்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். ஒருவர் நேராக என்னிடம் வந்தார்.

"நான் தொலையலை. இதே வீதியில பொறந்து வளர்ந்தவன். என்னை எதுக்குக் கண்டுபிடிச்சேள்?"

இன்னொருவர் நீர்மோர் கொடுத்ததும் சமாதானமாகி, விசிறிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். வேதவல்லி ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவர்களில் ஒருவர் வேதவல்லிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். பதினோராவது ஆளையும் பார்த்துவிட்டு வேதவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து நாற்பது.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். அப்பா என்ன வேலை பார்த்தார், வெளியே போனால் எங்கே நிற்பார்?

"ஏர்போர்ட்ல ரேடியோ ஆபரேட்டர். ரிடையர் ஆயிட்டார். ஆத்துலயும் எதையாவது பிரிச்சுப் போட்டுண்டுதான் உட்கார்ந்திருப்பார்."

என் தாளில் இருந்த டிக்குகளைப் பார்த்தேன். அத்தனையும் ஒரே ஆளுக்கு நேரே இருந்தன. மைக்கை எடுத்தேன்.

"ரோமியோ ஒன்பது, உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஓவர்."

"இருக்காங்க. ஒரு பெரியவர். எழுத்தெல்லாம் அவர்தான் எடுத்துக் குடுத்தாரு. தப்புங்களா? ஓவர்."

"அவர் பேரைக் கேளுங்க. ஓவர்."

"பேரு பெருசா இருக்குங்க. எழுத்துக் கூட்டணுமா? ஓவர்."

"வேண்டாம்" என்று நானும் டி.எஸ்.பி.யும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவருடைய பெயரைத்தான் அவரே எழுத்து எழுத்தாகப் பிச்சைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பெயரிலும் அந்த அடையாளத்திலும் ஊரில் பலர் இருப்பதால் வேறு யாரோ என்று நினைத்தாராம். ஆள் கிடைக்கிறாரோ இல்லையோ, எழுத்து சரியாகப் போய்ச் சேர வேண்டுமே என்பதுதான் அவர் கவலை. கண்டுபிடித்தாயிற்று என்று மூச்சு விட்டேன். மறுபடி பிச்சை வந்தார்.

"கண்ட்ரோல், ரோமியோ ஒன்பது. தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் வரமாட்டாராம். இந்த நெட்டை இப்படியே விட்டுட்டு வர முடியாதுங்கிறாரு. ஆள் கிடைச்சு, ஆனா வரமாட்டேங்கிறாருன்னா, அதுக்குக் கோடு என்னங்க? ஓவர்."

நாற்பதில் அதற்கு எண் இல்லை. மைக்கை வேதவல்லியிடம் நீட்டினேன். போலீஸ் மைக்கை வெளியாள் தொடக் கூடாது என்பது விதிகளில் முதலாவது. டி.எஸ்.பி. நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் விட்டார்.

"அப்பா, மாத்திரை போட்டுண்டு மூணே முக்கால் மணி நேரம் ஆச்சு. நீங்க விழுந்தா இந்தக் கூட்டத்துல என்னால உங்களைத் தூக்க முடியாது" என்றார் வேதவல்லி. ஓவர் சொல்ல அவருக்குத் தெரியாது.

பதில் அமைதியான, பழகிய குரலில் வந்தது. "கண்ட்ரோல், ரோமியோ ஒன்பது. செய்தி கிடைத்தது. புறப்படுகிறேன். அவுட்."

அன்று அந்த நெட்டில் விதிப்படி முடிந்த பேச்சு அது ஒன்றுதான்.

வந்தபோது அவர் சட்டையெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. சர்க்கரைத் தண்ணீர் இரண்டு டம்ளர் குடித்த பிறகுதான் விரல் நடுக்கம் நின்றது. இன்னும் பத்து நிமிடம் நின்றிருந்தால் விழுந்திருப்பார் என்று முதலுதவிக்காரர் சொன்னார்.

அறிக்கை

மறுநாள் அறிக்கை எழுதினேன். என் தப்புகள் ஐந்து: பத்துப் பேரை ஒரே பெஞ்சில் உட்காரவைத்துத் தேர்வு நடத்தியது, அவர்களால் சுமக்க முடியாத அளவு கோடு எழுதியது, தமிழில் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய பெயரை இருபத்து மூன்றாக உடைத்தது, காணாமல் போனவர் எப்படிப்பட்டவர் என்று கேட்காமல் என்ன உடுத்தியிருந்தார் என்று மட்டும் கேட்டது, மைக்கை வெளியாளிடம் கொடுத்தது. ஐந்தாவதை மறுபடியும் செய்வேன் என்றும் எழுதினேன்.

டி.எஸ்.பி. இரண்டு முறை படித்தார்.

"பேட்டரி ரூமுக்கு நீங்களே மனு எழுதிக் குடுத்த மாதிரி இருக்கும்மா."

"நடந்ததைத்தான் சார் எழுதியிருக்கேன்."

"எல்லாரும் செட்டு மேல பழியைப் போடுவாங்க. செட்டைப் பத்தி ஒரு வரி கூட இல்லையே."

"செட் நல்லாத்தான் சார் இருந்துச்சு."

அவர் பேனாவை மூடினார். "நாற்பதை எவ்வளவாக் குறைக்கலாம்?"

"ஆறு."

"அதையும் பங்கு போட்டுக்க மாட்டாங்களா?"

"முடியாது சார். ஆள் பத்து, கோடு ஆறு."

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அறிக்கையின் ஓரத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை என் பக்கம் தள்ளினார். "மைக்கில் தொடரலாம்" என்று எழுதியிருந்தது.

இந்த வருட நிலவரம்: கோடு ஆறுதான். தேர்வு வாய்மொழியாக, ஒரு நேரத்தில் ஓர் ஆளுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது. போன மாதத் தேர்வில் ஏழு பேர் தேறினார்கள். மூன்று பேர் மறுபடி வருகிறார்கள். மைக்கில் நானும் இன்னும் இரண்டு பெண்களும் முறை மாற்றி உட்காருகிறோம்.