அண்ணன் சொன்ன ‘வாங்க’

போன வாரம் உடுமலை போகும் வழியில் ஒரு பழைய கார் முன்மூடியைத் திறந்துகொண்டு ஓரமாக நின்றிருந்தது. ரேடியேட்டரிலிருந்து ஆவி. அந்தச் சூடான இரும்பு வாசனை எங்கள் பஸ் ஜன்னல் வரை வந்தது. உடனே டாப்சிலிப் மலைப்பாதை ஞாபகம் வந்துவிட்டது. வயசானால் மூக்குதான் முதலில் பயணம் கிளம்புகிறது.

எழுபதுகளின் தொடக்கம். திருப்பூரில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. பெரியண்ணன் கட்டிங் பார்ப்பார், தம்பி துரைசாமி வெளியூர் ஆர்டர் பிடித்து வருவான், நடுவில் பிறந்தவள் நான், மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்குவேன். அம்மா அப்பா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அண்ணன்தான். “டேய் தொரை!” என்று அவர் கூப்பிட்டால் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி கலர் பனியன் போடலாம் என்றான். அண்ணன் வெள்ளையே போதும் என்றார். பேச்சு வளர்ந்தது. ஒரு நாள் காலையில் அண்ணன் தம்பியைப் பார்த்து, “வாங்க, சாப்பிட்டீங்களா?” என்றார். கொங்குக்காரர்கள் நாங்கள் நாய்க்குட்டியைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் விரட்டுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் தூக்கி வளர்த்த தம்பியிடம் அண்ணன் ‘ங்க’ போட்டால், இனி நீ வேறு, நான் வேறு என்று அர்த்தம்.

பிரிந்துவிடுவார்களோ என்ற பயத்தில் நான்தான் மலைக்குப் போகலாம் என்று அடம்பிடித்தேன். ஐப்பசி ஞாயிறு. தூக்குவாளியில் எலுமிச்சை சாதம், அண்ணனின் செகண்ட்ஹேண்ட் அம்பாசடர். பொள்ளாச்சி தாண்டி, சேத்துமடை செக்போஸ்ட் தாண்டி, மூங்கில் காட்டு ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. தம்பி ஓடையில் தண்ணீர் மொண்டு வந்தான்.

“மெதுவா ஊத்துங்க” என்றார் அண்ணன்.

“சரிங்க” என்றான் அவன். முன்பெல்லாம் “சரிங்கண்ணா” என்பான். அந்த ‘அண்ணா’ எங்கோ விழுந்துவிட்டது.

மேலே வழிகாட்ட வந்த காட்டிலாகா வாட்சர் இவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தார். “அண்ணந்தம்பின்னா இப்படி இருக்கோணுமுங்க. என்ன மருவாதி!” என்றார் என்னிடம். அழுவதா சிரிப்பதா தெரியாமல் சிரித்துவைத்தேன்.

மழை ஓய்ந்த தடம். நனைந்த தேக்கிலைகள் வழுக்கின. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அட்டைக்குப் பயந்து குதித்துக் குதித்து நான் நடந்த அழகைப் பார்த்துக் குரங்குகளே ஒதுங்கின. அப்போது முன்னால் போன தம்பி சரிவோரத்தில் கால் வழுக்கினான். ஒரு புதரைப் பற்றிக்கொண்டு தொங்கினான்.

“டேய் தொரை! உட்றாதடா! புடிச்சுக்கடா!”

அண்ணன் சேற்றில் குப்புற விழுந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மேலே போட்டார். போட்டதும் கன்னத்தில் ஒன்று விட்டார். “கண்ண எங்கடா வெச்சுட்டு நடக்கற?” தம்பி கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். எனக்கு அந்த மலைக்கே கற்பூரம் காட்டலாம் போல இருந்தது.

இருவரும் காரை நோக்கி இறங்கினார்கள். அண்ணனின் அடுத்த வார்த்தைக்காக நான் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் வந்தேன். அவர் வேட்டிச் சேற்றை உதறினார். கதவைத் திறந்தார். தம்பியைப் பார்க்காமல் சொன்னார்:

“நேரமாச்சு. ஏறுங்க.”

தை பிறந்ததும் கம்பெனி இரண்டானது. ஷெட்டுக்கு நடுவே சுவர் எழும்பியது. இன்று அந்தச் சுவரும் இல்லை, ஷெட்டும் இல்லை, வெள்ளை பனியனை மட்டும் நம்பியிருந்த அண்ணனின் கம்பெனியும் இல்லை. தம்பியின் கலர் பனியன்கள் கப்பலேறின. கல்யாணம் காட்சியில் இருவரும் பார்த்துக்கொண்டால் “வாங்க”, “நல்லா இருக்கீங்களா” என்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

அண்ணன் படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் தம்பி பார்க்கப் போனான். ஊரே முதலாளி என்று கும்பிடுகிற மனுஷன், வெளியே வந்து என் தோளில் சாய்ந்து தேம்பினான்.

“காதுகிட்டக் குனிஞ்சு, ‘தொரை வந்திருக்கறனுங்கண்ணா’ன்னு சொன்னேன்க்கா. கண்ணத் தொறந்து நல்லாப் பாத்தாரு. ‘வாங்க, உக்காருங்க’ன்னாருக்கா.”